நாளைய கடற்போர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாக்கியங்களையும் அவற்றின் உண்மை பொய்யையும் பற்றிய அரிஸ்டாட்டிலின் 'பெரி ஹெர்மெனேயாஸ்' நூலை மொழிபெயர்ப்பில் வாசித்தேன். மிகச் சிறிய நூல். துணைக்கு இருக்கட்டும் என்று பிற்காலக் கிரேக்க உரையாசிரியர் அம்மோனியஸின் உரையை எடுத்தால் அது பல மடங்கு பெரிது. முதல் வரியைத் தாண்டவே பக்கக்கணக்கில் ஆகிறது. சொந்தமாகச் சொல்ல ஒன்றுமில்லாதவர்கள்தான் உரை எழுதினார்களோ? மூலத்தை மட்டும் வாசித்தால் போதாதா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

மூலத்தை மட்டும் வாசிக்கலாம், தப்பில்லை. ஆனால் பொறுமையைச் சோதிக்கும் அந்த முதல் வரியிலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது. அரிஸ்டாட்டில் பெயர், வினை இரண்டை மட்டும் சொல்லி நிறுத்துகிறார். இடைச்சொற்கள் என்ன ஆயின? அம்மோனியஸ் சொல்கிறார்: கப்பலுக்கு உறுப்பு பலகைகள்தான். ஆணியும் தாரும் அவற்றைப் பிணைப்பதற்கு. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் மறக்க முடியவில்லை.

சரி, ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். 'நாளை கடற்போர் நடக்கும்', 'நாளை கடற்போர் நடக்காது.' இவற்றில் ஒன்று இன்றைக்கே உண்மை என்றால் நாளைய காரியம் இன்றே முடிந்துபோயிற்று. அப்புறம் தளபதிகள் கூடிப் பேசுவது எதற்கு? அரிஸ்டாட்டிலின் பதில் இரண்டு விதமாகப் படிக்க இடம் தருகிறது. இரண்டு வாக்கியங்களும் இப்போதைக்கு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை என்கிறாரா? அவர் அப்படித்தான் சொன்னார் என்று ஸ்டோயிக்குகள் என்ற தத்துவப் பள்ளியினர் எடுத்துக்கொண்டதாக ரோமானியத் தத்துவஞானி போயீதியஸ் எழுதுகிறார், எழுதிவிட்டு மறுக்கிறார். அம்மோனியஸும் மறுபக்கம்தான்: ஒன்று உண்மை, மற்றது பொய், ஆனால் 'அறுதியாக', அதாவது திட்டவட்டமாக, அல்ல. இந்த 'அறுதியாக' என்ற சொல் அந்த அத்தியாயத்தில் கிடையாது. உரைக்காரர்கள் கொண்டுவந்தது. இன்றுவரை அறிஞர்கள் சண்டை போடுவது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

அம்மோனியஸ் அதோடு விடவில்லை. அரிஸ்டாட்டில் இங்கே கேட்காத ஒன்றைக் கேட்கிறார்: நாளை நடப்பது தெய்வங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் கடற்போர் நடந்தே தீரவேண்டுமே? அறிவின் தன்மையைத் தீர்மானிப்பது அறிபவன், அறியப்படும் பொருள் அல்ல என்கிறார். அதாவது, அறுதியில்லாத ஒன்றையும் தெய்வம் அறுதியாக அறியலாம். அதனால் அந்தப் பொருள் மாறிவிடாது. இது அவர் தமக்கு முந்தைய பிளேட்டோவியத் தத்துவஞானி இயாம்ப்ளிகஸிடமிருந்து எடுத்துக்கொண்டது. அலெக்சாந்திரியாவில் அம்மோனியஸ் நடத்திய பாடங்களில் பல, 'அம்மோனியஸின் குரலிலிருந்து' என்ற தலைப்போடு மாணவர்களின் குறிப்புகளாகத்தான் நமக்குக் கிடைக்கின்றன. நீங்கள் சலித்து மூடிவைத்த உரை அவரே எழுதியது.

போயீதியஸ் இதே சிறிய நூலுக்கு லத்தீனில் இரண்டு உரைகள் எழுதினார். இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வருட உழைப்பு என்று அவரே சொல்கிறார். பிறகு இத்தாலியை ஆண்ட மன்னர் தியோடரிக்கிடம் உயர்பதவி, ராஜதுரோகக் குற்றச்சாட்டு, சிறை. 524 வாக்கில் கொல்லப்பட்டார். சிறையில் எழுதிய 'தத்துவத்தின் ஆறுதல்' நூலின் ஐந்தாம் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள். கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால் மனிதன் கையில் என்ன இருக்கிறது என்று அங்கே கேட்கிறார். அவருக்குக் கிடைக்கும் பதில், அறிபவனைப் பற்றிய அதே வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது.