உயரமும் எடையும் கூடுதலாக உள்ளவருக்கு முதல் பைக் எது?

ஆறடிக்கு மேல் உயரம், 110 கிலோ எடை, இதுவரை பைக் ஓட்டியதில்லை என்கிறீர்கள். உடல் பெரிது என்பதற்காகப் பெரிய இன்ஜினைத் தேடாதீர்கள். 300 முதல் 400 சிசி தாராளமாக இழுக்கும்.

கையேட்டில் வண்டி தாங்கும் அதிகபட்சச் சுமையைப் பாருங்கள். உங்கள் எடை, பை, பின்னால் உட்காருபவர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பிறகு ஏறி உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்புங்கள். முழங்காலில் இடித்தால், எவ்வளவு அழகான வண்டியானாலும் வேண்டவே வேண்டாம். நீண்ட கால்களுக்கு நிமிர்ந்து உட்காரும் அட்வெஞ்சர் வகையே என் தேர்வு.

வாங்கிய அன்றே பின்பக்க ஸ்பிரிங்கை உங்கள் எடைக்கேற்ப இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் மீது பாரம் குறைந்து, வளைவில் வண்டி நினைத்த பாதையை விட்டு வெளிப்பக்கம் விலகும்.