ஸ்ட்ரைப்பர் இசைக்குழு: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஸ்ட்ரைப்பரை இதுவரை கேட்டதே இல்லை. எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

கிறிஸ்தவ பக்தியை ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசையில் பாடும் அமெரிக்கக் குழு இது. யோசிக்கவே வேண்டாம், 1986-இல் வந்த 'டு ஹெல் வித் த டெவில்'. அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டி பிளாட்டினம் வாங்கிய ஆல்பம். அதிலுள்ள 'ஹானஸ்ட்லி' பில்போர்டு என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசையில் 23-ஆம் இடம் வரை போனது, ஆனால் அது மெல்லிசை. பாடகர் மைக்கேல் ஸ்வீட்டும் கிட்டார் கலைஞர் ஆஸ் ஃபாக்ஸும் இரண்டு கிட்டார்களில் ஒரே மெட்டை வேறு வேறு சுருதியில் சேர்த்து இழைக்கும் இடங்களை ஹெட்போனில் கேளுங்கள், இவர்கள் அசல் மெட்டல்காரர்கள் என்பது அங்கேதான் புரியும்.

கேள்வி: அந்தத் தலைப்பைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். என்ன சொல்லட்டும்?

சாத்தான் நரகத்துக்கே தொலையட்டும் என்று அர்த்தம். 'அப்பாலே போ சாத்தானே' என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். தேவதூதர்கள் சாத்தானைத் தள்ளிவிடுகிற மாதிரி இருந்த முதல் அட்டைப்படமும் சர்ச்சையாகி, வெறும் கறுப்பு அட்டையாக மாறியது.

கேள்வி: ஏன் எப்போதும் மஞ்சள், கறுப்புக் கோடுகள்?

பெயரே அங்கிருந்துதான். ஏசாயா 53:5, 'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்'. ஆங்கில பைபிளில் அந்தத் தழும்புக்கு வரும் 'ஸ்ட்ரைப்ஸ்' என்ற சொல்லுக்குக் கோடுகள் என்றும் பொருள் உண்டு. தமிழில் மட்டும் படித்தவர்களுக்கு இது பிடிபடாது. அந்த வசன எண்ணை லோகோவுக்குக் கீழேயே போட்டார்கள். கச்சேரியில் கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசுவார்கள். மைக்கேலின் அண்ணன் ராபர்ட், தான் அடிப்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்று டிரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு வாசிப்பார், அது பார்க்கவே தனி அழகு.

கேள்வி: 1990-இல் வந்த 'அகைன்ஸ்ட் த லா' பற்றி?

கோடு போட்ட உடையையும் நேரடியான தேவ வார்த்தைகளையும் கழற்றி வைத்துவிட்டுச் செய்தது. பழைய ரசிகர்கள் ரொம்ப வருத்தப்பட்டார்கள், ஆனால் வாசிப்பு அபாரம், நான் இன்றும் அதற்காக வாதாடுவேன். 1992-இல் மைக்கேல் விலகினார், அப்புறம் குழு கலைந்தது.

கேள்வி: இப்போதும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 2003-இல் மறுபடி சேர்ந்தார்கள், 2005-இல் 'ரீபார்ன்' வந்தது. பேஸ் கிட்டாரில் டிம் கெய்ன்ஸ் போய், 2017-இலிருந்து பெரி ரிச்சர்ட்சன். சரி, திரும்பி வந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்க நேரம் இருக்கிறது என்றால், 2013-இன் 'நோ மோர் ஹெல் டு பே'. அதில் ரிஃப்புகள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள், எண்பதுகளைவிடக் கனம், மைக்கேலின் குரலோ இன்னும் அதே உச்சியில்.