கல்லீரல் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது ரத்தத்தில் ஓடும் புற்றுச் செல்களை எண்ணிப் பார்ப்பதால் பயன் உண்டா?

அப்பாவுக்கு டேஸ் (கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயில் கீமோ மருந்தைச் செலுத்தி, குழாயை அடைக்கும் சிகிச்சை) முடிந்திருக்கிறது, ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுநோயில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) எப்போதுமே நார்மல், அதனால் சிடிசி டெஸ்ட், அதாவது ரத்தத்தில் ஓடும் புற்றுச் செல்களை எண்ணும் டெஸ்ட் எடுத்தால் சிகிச்சை வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் எடுப்பது என்று வீட்டில் யாரோ முடிவே செய்துவிட்டார்கள், உங்களுக்கு மட்டும்தான் உறுத்துகிறது என்று தோன்றுகிறது. தப்பாக யூகித்திருந்தால் மன்னியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

எடுப்பதால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, வழக்கமாக எடுக்கும் ரத்தம்தான். ஆனால் அந்த எண்ணை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போட்டால் கெடுதல் உண்டு. இதை நான் டாக்டராகச் சொல்லவில்லை, டாக்டரும் இல்லை. அண்ணனுக்குத் துணையாக வார்டுகளில் உட்கார்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் படித்த தங்கை, அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது வந்து நான் அறிவியலுக்கே எதிரி என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: சிடிசி பொய் இல்லை. 1869லேயே ஆஷ்வொர்த் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், இறந்துபோன ஒரு புற்றுநோயாளியின் ரத்தத்தில் கட்டியில் இருந்த மாதிரியே செல்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்தச் செல் ரத்தத்தில் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதை எண்ணி நம் வீட்டு நோயாளிக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் என் சந்தேகம்.

அண்ணன் கணக்கு வழக்கில் ஊறியவர். நோய் தெரிந்த வாரமே ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பிலிருபின், ஆல்புமின், பிளேட்லெட் என்று கட்டம் கட்டிவிட்டார். அதில் ஏஎஃப்பி கட்டம் மட்டும் அவருக்கு எரிச்சல். முதல் நாளிலிருந்து அது நார்மல். கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களில் கணிசமான பேருக்கு ஏஎஃப்பி ஏறுவதே இல்லை, அவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். சிகிச்சைக்கு முன்னாலும் அதே எண், பின்னாலும் அதே எண். “இதைப் பார்த்து நான் என்னத்தைப் புரிஞ்சுக்கிறது?” என்பார். அப்போதுதான் யாரோ சிடிசியைப் பற்றிச் சொல்ல, நோட்டில் சிவப்பு மையில் ஒரு புதுக் கட்டம் முளைத்தது. மேலே ‘செல்’ என்று எழுதியிருந்தார்.

ரிப்போர்ட் வந்தது. பூஜ்யம். அதைச் சுற்றி வட்டம் போட்டு, அடியில் இரண்டு கோடு வேறு. அண்ணி அன்றைக்குத்தான் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாளே அண்ணன், “அதான் ரத்தத்துல ஒண்ணுமே இல்லேன்னு வந்துருச்சேம்மா. ஸ்கேன்ல கட்டி தெளிவாத் தெரியறதுக்குப் போடுற காண்ட்ராஸ்ட் ஊசி போட்டா எனக்குக் குமட்டுது. அடுத்த ஸ்கேனை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். எனக்குப் பகீர் என்றது.

அந்தப் பூஜ்யம் எப்படி வருகிறது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பலரும் பயன்படுத்தும் செல்சர்ச் என்ற கருவிக்கு 2004ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு. பிறகு பெருங்குடலுக்கும் புராஸ்டேட்டுக்கும் கிடைத்தது. கல்லீரல் அந்தப் பட்டியலில் இல்லை. அது 7.5 மில்லி ரத்தத்தில், எப்கேம் என்ற புரதத்தை மேலே வைத்திருக்கும் செல்களைக் காந்தத் துகள் கொண்டு பிடிக்கிறது. சிக்கலே அங்கேதான். கல்லீரல் கட்டிகளில் பலவற்றின் செல்களில் எப்கேம் இருப்பதில்லை. தூண்டிலில் மாட்டாத மீனைக் குளத்திலேயே இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நம் கட்டியில் எப்கேம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாமே என்றால், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பயாப்ஸி எடுக்காமல் ஸ்கேனில் காண்ட்ராஸ்ட் ஏறி இறங்கும் விதத்தை வைத்தே நோயை உறுதி செய்கிறார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான். பார்க்கத் திசுவே கிடையாது.

(எப்கேமை நம்பாமல் வேறு புரதங்களை வைத்தோ, செல்லின் அளவை வைத்து வடிகட்டியோ பிடிக்கும் முறைகளும் இருக்கின்றன. ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையில் வந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது. இதை ரிப்போர்ட்டில் பெரிதாகப் போட மாட்டார்கள்.)

இன்னொன்று, வெறும் கணக்கு. உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம், நாம் கொடுப்பது 7.5 மில்லி. ஒரு குழாய்க்குச் சராசரியாக 2 செல் இருக்கிற ரத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எடுத்தால் ஏறக்குறைய ஏழு தடவைக்கு ஒரு தடவை, வெறும் தற்செயலாகவே பூஜ்யம் வரும். நாலோ ஐந்தோ வந்தாலும் ஆச்சரியம் இல்லை. அதோடு கல்லீரலிலிருந்து கிளம்பும் செல் இதயத்துக்குப் போய், நுரையீரலின் நுண்குழாய்களைத் தாண்டித்தான் கைக்கு வர வேண்டும். நிறைய செல்கள் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கை நரம்பில் நாம் பார்ப்பது மிச்சம் மீதி. இதை அண்ணனிடம் நோட்டிலேயே எழுதிக் காட்டினேன். கணக்குத் தெரிந்த மனுஷன், மறுத்துப் பேசவில்லை, ஆனால் அந்த வட்டத்தை அடிக்கவும் இல்லை.

கடைசியில் டாக்டரிடமே ரிப்போர்ட்டை நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “செல் இல்லேன்னா நான் ஸ்கேன் எடுக்கச் சொல்வேன். செல் இருந்தாலும் ஸ்கேன்தான் எடுக்கச் சொல்வேன். அப்ப இதை நான் எதுக்குப் பார்க்கணும் சொல்லுங்க?” என்றார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஸ்கேன் எடுத்தோம். டேஸ் செய்த கட்டி செத்துப்போயிருந்தது. கல்லீரலின் அடுத்த மடலில் ஒன்றரை சென்டிமீட்டரில் புதிதாக ஒன்று. சின்னதாக இருந்ததால் ஊசி விட்டு மைக்ரோவேவில் சுட்டுவிட்டார்கள். அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார், என்னோடு சண்டை போடும் அளவுக்கு.

ஒரு பூஜ்யத்தை வைத்து மொத்தத்தையும் தள்ளுகிறாயே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஷாங்காயில் கல்லீரல் கட்டியை வெட்டி எடுத்த 123 பேரை வைத்துச் செய்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் 7.5 மில்லியில் 2 அல்லது அதற்கு மேல் செல் இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகமாக இருந்தது. ஆக, எண் ஏறினால் அதில் சேதி இருக்கலாம். ஆனால் முன்கூட்டியே தெரிவதும், தெரிந்து ஏதாவது செய்ய முடிவதும் வேறு வேறு. மார்பகப் புற்றுநோயில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2014ல் வெளிவந்த எஸ்0500 என்ற அமெரிக்க ஆய்வில், முதல் சுற்று கீமோவுக்குப் பிறகும் செல் எண்ணிக்கை இறங்காதவர்களில் ஒரு பாதிக்கு உடனே மருந்தை மாற்றினார்கள், மறுபாதிக்கு மாற்றவில்லை. மாற்றியவர்கள் அதனால் கூடுதலாக வாழவில்லை. எண்ணிக்கை அதிகம் இருந்தவர்களுக்கு நோய் மோசமாகப் போனது உண்மை. எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றியது உதவவில்லை, அதுவும் உண்மை. உங்கள் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், நாங்களும் கொடுத்தோம்.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லீரல் என்றதும் “குடிப்பாரோ?” என்று கேட்கிறார்களே, அதை உங்களிடமும் கேட்டிருப்பார்கள். அண்ணன் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவருக்கு ஹெபடைட்டிஸ் பி என்ற வைரஸ் தொற்று. அது கல்லீரல் சுருங்குவதற்கு முன்பேகூடப் புற்றுநோயைக் கொண்டுவரும். நலம் விசாரிக்க வந்த ஒரு பெரியவர் அண்ணியின் முன்னாலேயே குரலைத் தாழ்த்தி, “இப்பவாவது விட்டுட்டாரா?” என்றார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். தைவானில் 1984லேயே பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பித்து, குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயையே குறைத்துக் காட்டினார்கள். அந்தப் பெரியவருக்கு இதெல்லாம் எதற்கு? நீங்கள் உங்களையும் கூடப்பிறந்தவர்களையும் பி, சி இரண்டுக்கும் சோதித்துவிட்டீர்களா? இல்லை என்றால் சிடிசிக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏஎஃப்பி கைகொடுக்கவில்லை என்றால் பிவ்கா 2 என்ற இன்னொரு ரத்த டெஸ்ட்டைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஏஎஃப்பி ஏறாத சிலருக்கு அது ஏறும். அப்பா வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த மாத்திரையாலேயே பிவ்கா ஏறிவிடும். அப்படியும் சிடிசி எடுத்தே தீருவது என்றால், எந்தப் புரதத்தை வைத்துப் பிடிக்கிறார்கள், எத்தனை மில்லி, ரத்தம் எவ்வளவு நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த தடவையும் அதே இடத்தில் கொடுங்கள். ஸ்கேன் தேதி மட்டும் மாறக் கூடாது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். ரிப்போர்ட்டைப் படம் பிடித்துப் போடாதீர்கள், அதில் அப்பாவின் பெயரும் போன் நம்பரும் இருக்கும்.