மூணு மா

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக பாங்காக் வந்து ஆறு மாதம் ஆகிறது. மாலையில் தாய் மொழி வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் குதிரைக்கு 'மா' என்று சொல்லிக்கொடுத்தார்கள். தூக்கிவாரிப்போட்டது. பழந்தமிழிலும் மா என்றால் குதிரைதானே? சீனத்திலும் அதே மா, அதே குதிரை என்றார் பக்கத்தில் இருந்தவர். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். 'சீனனுக்குக் குதிரையைக் காட்டியதே தமிழன்தான்' என்று சித்தப்பா முடித்தேவிட்டார். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தயக்கம். ஆனாலும் மூன்று மொழியில் ஒரே சொல் என்றால் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்றில் இரண்டுக்கு நடுவே ஏதோ இருக்கிறது. தாய் மொழியின் குதிரை சீனத் தொடர்பில் வந்த சொல் என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள். நம் மாவுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சீனக் குதிரையைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கும் பழைய சீன வடிவத்தில் ம-வை அடுத்து ஒரு ர இருக்கிறது. ஏறக்குறைய 'ம்ரா'. சீனத்துக்குத் தூரத்துச் சொந்தமான பர்மியத்தின் பழைய எழுத்தில் அது 'ம்ரங்'. அந்த ர-வைச் சீனம் வழியில் தொலைத்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கு நம் மா மாதிரி ஒலிக்கிறது. 3000 வருடத்துச் சொந்தம் என்றால் அன்றைக்கல்லவா முகஜாடை கூடுதலாக இருந்திருக்க வேண்டும்? இங்கே பின்னே போகப்போக ஜாடை குறைகிறது.

நம் பக்கத்திலும் குதிரை தனிச்சொந்தம் கொண்டாட முடியாது. 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்பது தொல்காப்பியம். விலங்கு எல்லாமே மா. குதிரையா யானையா என்பதைப் பாட்டில் இடம் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

ம் இல்லாத மொழி அபூர்வம், ஆ இல்லாத மொழி அதைவிட அபூர்வம். ஆகவே மா ஊருக்கு ஊர் கிடைக்கும். ஹங்கேரியில் 'இன்று'. இத்தாலியில் 'ஆனால்'. அரபியில் 'என்ன'. ஜப்பானியத்தில் இரண்டுக்கு நடுவே விடும் இடைவெளி. இத்தனையில் ஒன்று நம்முடையதோடு முட்டிக்கொள்ளாவிட்டால்தான் ஆச்சரியம். இந்தியிலும் சீனத்திலும் அம்மாவுக்கு மா வருவது வேறு கதை, அது குழந்தை உதட்டின் வேலை. அதையும் முழுசாக நம்ப வேண்டாம்: ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா!

இவ்வளவு தூரம் எதற்கு, எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெரியப்பா மகன் யாழ்ப்பாணத்தில் பெண் எடுத்தார். அண்ணி வந்த புதிதில், பெரியப்பா திண்ணையில் யாரிடமோ "ஆத்துக்குத் தெக்கே நமக்கு மூணு மா கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி உள்ளே போய்ப் பெரியம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார்: "மாமி, அரிசி மாவோ, கோதுமை மாவோ? ஏன் ஆத்துக்கு அங்கால கொண்டுபோய் வச்சிருக்கிறியள்?"

அங்கே மாவுக்கு மா என்றுதான் பெயர். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் மா என்றால் நிலம். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூணு மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். பழைய பின்னக் கணக்கிலும் மா என்பது 1/20தான், வேலிக்கு அது சரியாகப் பொருந்துகிறது. காணி 1/80. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, 1/16. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். எனக்கு இந்த மாவைத்தான் பிடிக்கும், கணக்கு ஒப்பிக்கிறது.

மாமரத்து மாவும் இருக்கிறது. அது உண்மையாகவே கடல் தாண்டியது. மேற்குக் கரையில் மலையாளத்தில் மாங்ங, நம்மிடம் மாங்காய். போர்ச்சுகீசியர் வாயில் அது மங்கா ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆயிற்று. பண்டம், கப்பல், ஏற்றிப்போன ஆள் எல்லாம் கைக்குக் கிடைக்கிறது. சித்தப்பாவின் குதிரைக்கு இப்படி ஒரு கப்பலைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. வகுப்பில் தமிழெழுத்தில் குறிப்பெடுக்கிறீர்களா? தாய் மொழியில் குரலைச் சமமாக வைத்துச் சொன்னால் மா என்பது 'வா'. உயர்த்திச் சொன்னால் குதிரை. கீழிருந்து மேலே இழுத்தால் நாய். 'குதிரை வருகிறது', 'நாய் வருகிறது' இரண்டையும் நம் எழுத்தில் எழுதினால் 'மாமா' என்றுதான் நிற்கும். பக்கத்தில் ஏதாவது ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். நோட்டு சித்தப்பா கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.