அரசு ஆய்வகத்தோடு கூட்டாய்வு: கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வாணியம்பாடியில் தோல் பதனிடும் ரசாயனம் தயாரிக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். தோல் பதனிடப் போடும் குரோமிய உப்பின் (குரோம்) செலவைக் குறைக்கும் ஒரு கலவை எங்களிடம் இருக்கிறது. அதை மேம்படுத்த அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகப் போகிறோம். புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டால் போதும் என்கிறார்கள். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தமாகும்?

பதில்: போதாது. சேர்ந்து வேலை செய்ய விருப்பம் என்பதைத் தாண்டி புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. பணம், உரிமை, காலக்கெடு மூன்றும் தனி ஆய்வு ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

அதற்கும் முன்னால், உங்களுக்குத் தேவையானது அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவர்களுடைய நீரற்ற குரோம் பதனிடும் முறையில் உப்பும் அமிலமும் போட்டுச் செய்யும் பிக்கிளிங் கிடையாது. குரோம் தேவையும் 15 முதல் 20 சதவீதம் குறையும் என்று நிறுவனம் சொல்கிறது. அந்த மாதிரி முடிந்த தொழில்நுட்பத்தை உரிமக் கட்டணம் கட்டி வாங்கினால் உரிமைச் சிக்கலே வராது. ஆனால் உங்கள் போட்டியாளரும் அதை வாங்கலாம்.

இல்லை, உங்கள் கலவையைத்தான் வளர்க்க வேண்டும் என்றால் சரி, அது கூட்டாய்வு. வாயைத் திறக்கும் முன் இப்போது கையில் இருப்பதை எழுதி வையுங்கள்: கலவை, அளவு, இதுவரை கிடைத்த முடிவுகள், தேதி. முடிந்தால் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள்; முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே கலவையின் விவரம் வெளியே போக வேண்டும். ஏற்கெனவே உங்களுடையது உங்களுக்கே, சேர்ந்து கண்டுபிடிப்பது மட்டுமே பொது என்று ஆய்வு ஒப்பந்தம் சொல்ல வேண்டும்.

அந்தப் பொதுவானதற்கு என்ன சட்டம்? காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 50. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் கூட்டு உரிமையாளர்களுக்குச் சம பங்கு. நீங்கள் தயாரித்து விற்கலாம். மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் ஆளுக்கு உரிமம் தர இருவர் சம்மதமும் வேண்டும். ஆய்வகம் தானே தயாரித்து விற்பதில்லை என்பதால் அவர்கள் ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு, கேட்பார்கள், அது நியாயமே. பதிலுக்கு, தோல் ரசாயனத் துறையில் சில ஆண்டுகளுக்காவது உங்களுக்கு மட்டுமான தனி உரிமம் கேளுங்கள்.

பெரிய இடத்திலும் இதில் கோளாறு நடந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) பாரத் பயோடெக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கொரோனா தடுப்பூசி கோவாக்சினுக்கு நிகர விற்பனையில் 5 சதவீத ராயல்டி, பகிர்ந்த அறிவுசார் உரிமை என்று பேசியிருந்தார்கள். ஆனால் பாரத் பயோடெக்கின் காப்புரிமை விண்ணப்பத்தில் ஐ.சி.எம்.ஆர். பெயர் இல்லை. 2024-இல் செய்தி வந்ததும், கவனக்குறைவால் விடுபட்டது என்று சொல்லிப் பெயரைச் சேர்க்க நடவடிக்கை எடுத்தார்கள். விண்ணப்பத்தில் யார் யார் பெயர் வரும், யார் செலவில் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள்.

நம் சிறு தொழில்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது வேறொரு இடத்தில்: 'வெற்றி' என்றால் என்ன என்பதில். ஆய்வகத்தில் தோலைப் போட்டுச் சுழற்றும் சிறு டிரம்மில், நல்ல தண்ணீரில், நாலைந்து ஆட்டுத்தோலில் பலித்தது, பாலாற்றுப் பக்கத்து உப்புத் தண்ணீரில், உங்கள் வாடிக்கையாளரின் பெரிய டிரம்மில் பலிக்காமல் போகலாம். தண்ணீரின் கடினத்தன்மை, டிரம் சுற்றும் வேகம், உள்ளே ஏறும் சூடு எல்லாமே மாறும். அதனால் ஆய்வகத்துக்குத் தரும் கடைசித் தவணைப் பணம் ஆய்வக அறிக்கைக்கு அல்ல, உங்கள் ஊர்த் தண்ணீரில் முழு டிரம் சோதனைக்கு என்று வையுங்கள். எத்தனை முறை ஓட்டுவது, கழிவுநீரில் குரோம் எவ்வளவுக்குள் நிற்க வேண்டும், தவறினால் திரும்பச் செய்யும் செலவு யாருடையது என்பதும் அதிலேயே வரட்டும்.

அப்புறம், விஞ்ஞானிகளுக்கு ஆய்வுக் கட்டுரை முக்கியம், தடுக்காதீர்கள். முழு விண்ணப்பம் போட்ட பிறகு வெளியிடலாம், அதற்கு முன் வரைவை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டால் பொதுவாக மறுக்க மாட்டார்கள். திட்டத்தை நடத்தும் விஞ்ஞானி மாற்றலாகிப் போனால் யார் தொடர்வார் என்பதையும் அதே பேச்சில் கேட்டு, பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.