கடல்ல விழுந்த கன்டெய்னருக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: சார், டி-ஷர்ட் 400 கார்ட்டன், மொத்தம் 6,000 கிலோ, தூத்துக்குடியில இருந்து இங்கிலாந்து பெலிக்ஸ்டோவுக்கு அனுப்புனோம். புயல்ல எங்க கன்டெய்னர் கடல்ல போயிடுச்சுன்னு ஷிப்பிங் லைன்ல ஒத்துக்கிட்டாங்க. இன்வாய்ஸ் தொகை, பையர் கேன்சல் பண்ண அடுத்த சீசன் ஆர்டர் லாபம் ரெண்டும் கேட்டா "உண்மையான நஷ்டத்தை நிரூபிங்க"ங்கறாங்க. பொருளே இல்ல, எதை வெச்சு நிரூபிக்கறது?
- வாசகர், திருப்பூர்

பதில்: அடுத்த சீசன் ஆர்டரை விட்டுடுங்க, 1872 ஒப்பந்தச் சட்டம் 73வது பிரிவுல இயல்பா வர்ற நஷ்டம், இல்லன்னா ஒப்பந்தம் போடறப்பவே ரெண்டு தரப்புக்கும் தெரிஞ்ச நஷ்டம், அதுதான் கிடைக்கும், உங்க பையர் அடுத்து என்ன ஆர்டர் தருவார்னு கப்பல்காரனுக்கு எப்படித் தெரியும்?

சரக்கோட மதிப்புன்னா, அது பெலிக்ஸ்டோவுல இறங்கியிருக்க வேண்டிய நாள்ல அங்க இருந்த மார்க்கெட் விலை. இன்வாய்ஸ் அதுக்கு நல்ல சாட்சி, ஆனா அது மட்டும் போதாது, அதே மாசம் அதே குவாலிட்டி போன மத்த ஷிப்மென்ட் பில்லு, பேங்க்ல பணம் வந்த ரெக்கார்டு எல்லாம் சேர்த்து வைங்க. இன்ஷூரன்ஸ் பாலிசில இன்வாய்ஸ் தொகையில 110% போட்டிருக்குன்னு காட்டுனா எடுபடாது, அது உங்களுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உள்ள கணக்கு.

உள்ள 400 கார்ட்டன் இருந்துச்சுங்கறதையும் நீங்கதான் காட்டணும். பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸ்ல குடுத்த ஏற்றுமதிப் பத்திரம்), சீல் நம்பர் தெரியற மாதிரி லோடிங் போட்டோ, அப்புறம் விஜிஎம் எடைச்சீட்டு (சரக்கோட சேர்த்து கன்டெய்னரோட மொத்த எடையைச் சரிபார்த்த சீட்டு). எடையும் பேக்கிங் லிஸ்ட்டும் ஒத்துப்போச்சுன்னா "உள்ள என்ன இருந்துச்சோ யாருக்குத் தெரியும்"னு அவங்க சொல்றது கஷ்டம்.

இப்ப பில் ஆஃப் லேடிங்கை (சரக்கை ஏத்துக்கிட்டதுக்கு ஷிப்பிங் லைன் குடுத்த பத்திரம்) எடுத்துப் பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. பேக்கேஜுக்கு 666.67 எஸ்டிஆர், இல்ல கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அதுதான் ஷிப்பிங் லைன் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு. (எஸ்டிஆர்ங்கறது ஐஎம்எஃப் கணக்கு அலகு.) "400 கார்ட்டன்"னு எழுதியிருந்தா வரம்பு 2,66,668 எஸ்டிஆர், உங்க சரக்கு மதிப்பு முழுசா உள்ள அடங்கிடும். வெறும் "ஒரு கன்டெய்னர்"னு இருந்தா மொத்தமும் ஒரே பேக்கேஜ், கிலோ கணக்குல 12,000 எஸ்டிஆர்தான். சரக்கு மதிப்பை பில் ஆஃப் லேடிங்லயே டிக்ளேர் பண்ணியிருந்தா இந்த வரம்பே கிடையாது, ஆனா கப்பல் கூலி ஏறிடும்னு யாரும் பண்றதில்ல.

இந்த வரம்பைச் சொல்ற 1925 கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பதிலா 2025ல புதுச் சட்டம் நிறைவேறியிருக்கு, வக்கீல்கிட்ட உங்க ஷிப்மென்ட்டுக்கு எதுன்னு கேட்டுக்கோங்க. டெலிவரி ஆகியிருக்க வேண்டிய தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், ஈமெயில்ல பேசிட்டிருந்தா அந்த கெடு நிக்காது, எக்ஸ்டென்ஷன் குடுத்தா எழுத்துல வாங்குங்க. எந்த கோர்ட்டுன்னு பில் ஆஃப் லேடிங்கோட பின்பக்க பொடி எழுத்துல பாருங்க, லண்டன்னு போட்டிருந்தா சென்னை ஹைகோர்ட்டுக்கு ஓடறதுக்கு முன்னாடியே வக்கீலைக் கேளுங்க.