ஞாயிறு ஊர் சுற்றலும் 46,300 ரூபாய் பில்லும்

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். பெங்களூரு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, காடுகோடியில் வாடகை வீடு. கணவருக்கும் எனக்கும் சேர்த்து மாதம் 1,28,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. ஏப்ரலில் பள்ளி விடுமுறை விட்டதிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் வெளியே கிளம்பிவிட்டோம். அதற்கு மட்டும் 31,000 ரூபாய் ஆகியிருக்கிறது. கிரெடிட் கார்டு பில் 46,300 வந்தது. அப்போதைக்கு மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 2,315 மட்டும் கட்டினோம். மே மாதம் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்கிறார் கணவர். பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கக் கிடைப்பதே இந்த விடுமுறைதான். வங்கியில் 1,50,000 ரூபாய் எஃப்டி (நிரந்தர வைப்பு) இருக்கிறது. அவசரத்துக்கு வைத்தது, அதைத் தொடக் கூடாது என்கிறார். என்ன செய்வது? மாதச் செலவுக் கணக்கையும், ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பில்களையும் இணைத்திருக்கிறேன்.
(வாசகி, காடுகோடி, பெங்களூரு)

பதில்: சகோதரி, ஞாயிறு வெளியே போவதை நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த கார்டு பாக்கியை இந்த வாரமே அடைத்துவிடுங்கள். உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பயப்பட வேண்டிய இடம்தான் வேறு.

முதலில் கார்டு. மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மீதி 43,985 ரூபாய்க்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஸ்டேட்மென்டின் அடியில் பொடி எழுத்தில் மாதம் 3.6 சதவீதம் என்று போட்டிருக்கிறது. வருஷத்துக்கு 43.2 சதவீதம். ஒரு மாத வட்டி சுமார் 1,583 ரூபாய், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 285. ஆக மாதம் 1,868 ரூபாய். இந்தப் பணத்தில் நீங்கள் நால்வரும் ஒரு ஞாயிறு முழுக்கச் சுற்றிவிட்டு வரலாம்.

இதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. பாக்கி வைத்த மாதத்தில் கார்டில் புதிதாக எது வாங்கினாலும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். வழக்கமாகக் கிடைக்கிற வட்டியில்லாத நாட்கள் கிடையாது. நேற்று கார்டைத் தேய்த்து வாங்கிய பால் பாக்கெட்டுக்கும் 43 சதவீதம்தான். அதனால் பாக்கி தீரும்வரை கார்டைத் தொடாதீர்கள். போனில் இருக்கும் உணவு ஆப், கேப் ஆப் எல்லாவற்றிலிருந்தும் அந்த கார்டை நீக்கிவிடுங்கள்.

எஃப்டியைத் தொடக் கூடாது என்ற கொள்கையை மதிக்கிறேன். ஆனால் உங்கள் எஃப்டி 6.5 சதவீதம் தருகிறது. 44,000 ரூபாய்க்கு அது மாதம் 240 ரூபாய்கூட இல்லை. 240 சம்பாதிக்க 1,868 கட்டுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? எஃப்டியில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கப் பல வங்கிகளில் வசதி உண்டு. முன்கூட்டியே எடுப்பதால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். 44,000 எடுத்து கார்டை அடையுங்கள். ‘பாக்கியை ஈஎம்ஐ ஆக மாற்றித் தருகிறோம்’ என்று குறுஞ்செய்தி வரும். கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு அது ஓரளவு உதவும், உங்களுக்குத் தேவையில்லை.

எடுத்த பணத்தைத் திரும்ப வைத்தாக வேண்டும், இதில் சமரசமே கூடாது. உங்கள் வருமானத்துக்கு 1,50,000 என்பதே குறைவான அவசர நிதிதான். வாடகை 27,000, பள்ளிக்கு மாதச் சராசரி 14,000, ஊரில் பெற்றோருக்கு 10,000, வண்டிக் கடன் 4,200, எஸ்ஐபி (மாதாமாதம் போகும் மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) 12,000, மளிகை காய்கறி பால் 26,000, வீட்டு வேலைக்கு வரும் அம்மா, கரண்ட், போன், பெட்ரோல், காப்பீடு எல்லாம் சேர்த்து 15,000. இது போக மாதம் 19,800 மிஞ்சுகிறது. அதில் 8,000-ஐ மாதாமாதம் திரும்ப வையுங்கள், ஆறே மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் நீங்கள் அனுப்பிய அந்த ஞாயிறு. பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாலுக்குப் போக கேப் 540. திரும்பும்போது மழை, அதனால் 890. சினிமா டிக்கெட் நாலு பேருக்கு 1,280, ஆன்லைனில் எடுத்ததற்குத் தனியாக 148. பாப்கார்னும் கூல்டிரிங்க்ஸும் 780. கேம் கார்டு 1,200. இரவுச் சாப்பாடு 2,000, அதற்கு 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இரண்டின் மேலும் 5 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2,310. மொத்தம் 7,148 ரூபாய்.

இதில் மழை நேரத்துக் கேப்பில் கூடுதலாகப் போன 350, முன்பதிவுக் கட்டணம் 148, சர்வீஸ் சார்ஜும் அதன் வரியும் 210 என்று 700 ரூபாய்க்கு மேல், யாரும் எதையும் பார்க்காமல், சாப்பிடாமல், விளையாடாமல் போயிருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. பில்லில் தானாக அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ‘இதை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்’ என்று சாதாரணமாகக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பிடித்துப்போய் பரிமாறியவருக்கு நீங்களாக ஐம்பது ரூபாய் வைத்தால் அது வேறு.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். போன வருஷம் தாத்தாவோடு லால்பாக் போனபோது பாறை மேல் நின்று மழையில் தொப்பலாக நனைந்ததைத்தான் மகள் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். என் மகன் சின்னவனாக இருந்தபோது இரண்டு கோடை விடுமுறைகளை ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் உங்களைப் போகாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

மே மாதத்துக்கு 10,000 ரூபாய். நான்கு ஞாயிறுகளில் இரண்டைப் பெரியதாக, தலா 3,500-க்கும், இரண்டைச் சிறியதாக, தலா 1,500-க்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஞாயிறு எது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். மால்தான் வேண்டும் என்றால் மாலே. டிக்கெட்டைக் கவுன்டரில் எடுங்கள், வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், கேம் கார்டில் மிச்சமிருக்கும் பணத்தை மறக்காதீர்கள்.

சின்ன ஞாயிறுக்கு உங்கள் வீட்டுப் பக்கமே பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் மாறாமல் கப்பன் பார்க். ஞாயிறன்று பூங்காவுக்குள் வண்டிகளை விடமாட்டார்கள், பிள்ளைகள் சாலையின் நடுவே ஓடலாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது. வெயில் ஏறினால் பக்கத்திலேயே கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம். பதினோரு வயதுப் பையனை அங்கிருந்து வெளியே இழுத்து வருவதுதான் கஷ்டம். இன்னொரு நாள் அல்சூர் ஏரி. 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை அங்கேதான் இருக்கிறது. அடியில் நிறுத்தி இரண்டு குறள் சொல்லச் சொல்லுங்கள்.

மெட்ரோ மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். 2025 பிப்ரவரியில் கட்டணம் ஏறியபின் அதிகபட்சம் ஒருவருக்கு 90 ரூபாய். அந்த அதிகபட்சத்தையே வைத்துப் பார்த்தால் நால்வர் போய்வர 720. ஸ்மார்ட் கார்டு இருந்தால் ஞாயிறன்று 10 சதவீதம் குறையும், 648. கேப்பைவிடக் குறைவுதான். அதைவிட முக்கியம், சாயங்காலம் மழை வந்தாலும் மெட்ரோ கட்டணம் ஏறாது. கோடை மழை இங்கே பெரும்பாலும் மூன்று, நான்கு மணிக்கு மேல்தான் பிடிக்கும். காலையில் சீக்கிரம் கிளம்பிவிட்டால் பாதிச் செலவு தானாகக் குறையும்.

பஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண பிஎம்டிசி (பெங்களூரு மாநகர) பஸ்களில் கட்டணம் இல்லை. ஆனால் அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். உங்கள் ஆதாரில் இன்னும் திருச்சி முகவரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வருஷம் ஆயிற்று, வாடகை ஒப்பந்தத்தை வைத்து மாற்றிவிடுங்கள். ஞாயிறுக்கு மட்டுமல்ல, தினமும் நீங்கள் வேலைக்குப் போய்வருவதற்கும் மிச்சம்தானே. ஏசி பஸ்ஸுக்கு இது செல்லாது.

இந்த 10,000 எங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம். வீட்டுச் செலவு ஓடும் கணக்கில் இருந்தால் கலந்துவிடும். நீங்கள் வேலை மாறியதும் சும்மா கிடக்கும் பழைய சம்பளக் கணக்கைப் பயன்படுத்தலாம். ஆனால் சம்பளம் வருவது நின்றபின் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பணம் பிடிக்க ஆரம்பித்திருக்கலாம். அதை வங்கியில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மே 1-ஆம் தேதி 10,000-ஐ அதில் போட்டு, யுபிஐயில் அந்தக் கணக்கை மட்டும் ஞாயிறுக்கு வையுங்கள். கணக்கில் இருப்பது தீர்ந்தால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பிள்ளைகளிடமும் தொகையைச் சொல்லுங்கள். பாப்கார்னா, இன்னொரு ரவுண்டு கார் ரேஸா என்று மகனே முடிவு செய்யட்டும்.

ஜூனிலிருந்து மாதம் 6,000 இதே கணக்கில் சேரட்டும். வருஷத்துக்கு 72,000. மற்ற பத்து மாதங்களில் 4,500 வீதம் செலவழித்தாலும் 45,000 போக 27,000 நிற்கும். அடுத்த ஏப்ரலுக்கும் மேக்கும் தலா 13,500 முன்கூட்டியே தயார். இதை உங்கள் கணவரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். போகலாமா வேண்டாமா என்று மாதாமாதம் சண்டை போடுவதைவிட, வாடகை மாதிரி இதையும் ஒதுக்கிவிட்டால் அவருக்கும் மனசு லேசாகும். எஸ்ஐபி 12,000-ஐத் தொட வேண்டாம், அது ஓடட்டும்.

கார்டு பாக்கியை முழுசாக அடைத்த பிறகும் அடுத்த பில்லில் வட்டி என்று கொஞ்சம் வரும். ஒவ்வொன்றையும் வாங்கிய நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரைக்குமான வட்டி அது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், அதையும் ஒரு ரூபாய் விடாமல் கட்டிவிட்டால் பழைய வட்டியில்லாத நாட்கள் திரும்பக் கிடைக்கும்.

முதல் பெரிய ஞாயிறை மட்டும் நான் சொல்கிறபடி லால்பாகில் வையுங்கள். மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறினால் லால்பாக் ஸ்டேஷன். மாம்பழ மேளா போட்டிருந்தால் இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்தில் மாவள்ளி டிபன் ரூமில் ரவா இட்லி சாப்பிடுங்கள், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பாறைக்கு 300 கோடி வயசு என்று மகளிடம் சொல்லுங்கள். பையில் அவளுக்கு ஒரு மாற்று உடை இருக்கட்டும்.